அல்வாவைத் தவிர வேறு ஏதாவது: உங்கள் தெருவில் என்ன இருந்தது?

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 11, இரவு 10.40

முதலிலேயே ஒரு நிபந்தனை. இந்த இழையில் யாரும் அல்வாவைப் பற்றி எழுதக் கூடாது. திருநெல்வேலி என்று வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் "ஓ, அல்வா" என்கிறார். நாமும் பல்லைக் காட்டிவிட்டு அடுத்த தடவை வாங்கி வருவதாகச் சொல்லுகிறோம். எனக்குத் தெரிந்து முப்பது வருடமாக இதே கதை. போதும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு ஊருக்கு வந்திருந்தேன், பன்னிரண்டு வருடம் கழித்து. கோயில் யானை காந்திமதி இல்லாத முதல் தேர். 2025 பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது போய்ச் சேர்ந்துவிட்டது. வடம் பிடித்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் பத்து நிமிடம் தொட்டுக்கொண்டு நடந்தேன். அதற்கே உள்ளங்கை சிவந்துவிட்டது.

அப்புறம் எங்கள் வளவைப் பார்க்கப் போனேன். வெளியூர்க்காரர்களுக்காக: வளவு என்றால் தெருவில் ஒரே ஒரு வாசல், உள்ளே போனால் எதிரும் புதிருமாக எட்டு வீடு. நடுவில் நீளமாக ஒரு முற்றம், கடைசியில் கிணறு, அதற்கும் பின்னால் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். வீடு ஒவ்வொன்றும் ரயில் பெட்டி மாதிரி ஒரே நேர்கோட்டில் போகும். தார்சா (முன் அறை), பட்டாசல் (கூடம்), அடுப்படி, அவ்வளவுதான். 1974-ல் பிறந்ததிலிருந்து 1993 வரை நான் நாலாவது வீடு.

வாசல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஷட்டர். அதற்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு பைக் நிறுத்த விடுகிறார்கள். சீட்டுக் கிழிக்கும் பையனிடம் "இங்கன ஒரு கிணறு இருந்துச்சே" என்றேன். "கிணறா? இங்கயா அண்ணாச்சி?" என்றான். உள்ளே போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் ஒரு இடத்தில் மட்டும் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. அதன் மேல் ஒரு புல்லட் நின்றது.

அம்மா என்னோடு சென்னையில் இருக்கிறாள். 81 வயது. இப்போதெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து "ஏல, குழாய்ல தண்ணி வந்துட்டா?" என்று கேட்கிறாள். "வந்துட்டும்மா, எல்லாம் பிடிச்சு வச்சாச்சு" என்றால் படுத்துவிடுவாள். "இது மெட்ராஸ்மா, ஆறாவது மாடி" என்று விளக்கினால் குடத்தைத் தேட ஆரம்பித்துவிடுவாள். பகலில் பழசைப் பேசினால் ராத்திரி கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறாள். அதனால்தான் இந்த இழை. நீங்கள் வளர்ந்த தெருவில் யாரும் போட்டோ எடுக்காத எதையாவது எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பேட்டை ரயில் | ஜூலை 11, இரவு 11.15

அல்வா கூடாது, சரி. மிச்சர்?

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 11, இரவு 11.17

மிச்சரும் கூடாது வே.

பேட்டை ரயில் | ஜூலை 11, இரவு 11.52

அப்படியென்றால் ரயில். தென்காசி லைன் மீட்டர் கேஜாக இருந்த காலம். 2012-ல் அகலப்பாதை ஆகிவிட்டது, இப்போது பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் பொம்மை ரயில் என்று நினைக்கிறார்கள். ஜங்ஷனில் கிளம்பி டவுன், பேட்டை, அப்புறம் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று போகும். பெயர்ப்பலகையே தேவையில்லை, பெட்டியில் ஏறுகிற சரக்கை வைத்து எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். பத்தமடைக்காரர் கக்கத்தில் பாய்ச்சுருள், காருகுறிச்சி ஆள் என்றால் வைக்கோல் சுற்றின பானை, கல்லிடைக்குறிச்சி வந்தால் அப்பளக் கட்டு. எங்கள் பேட்டையில் ஏறுகிறவர்கள் சும்மா வெறுங்கையோடு ஏறுவோம், டிக்கெட்டும் இருக்காது.

என் ஆச்சி நீராவி இன்ஜின் ஓடின நாளில் கூவலை வைத்துத்தான் உலை வைப்பாள். சாயங்கால வண்டி கூவினால் அரிசி களைவாள். வண்டி லேட் என்றால் எங்களுக்குச் சோறும் லேட். "வண்டி வரலையேல, நான் என்ன செய்ய" என்பாள். கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை நம்ப மாட்டாள்.

சிந்துபூந்துறை | ஜூலை 12, காலை 6.05

தம்பி, உங்க அம்மா கேட்கிற கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். அவங்களுக்கு அப்படியே வாசியுங்க.

மூணு மணிக்கு வராது, மூணேகாலுக்கு வரும். முதலில் குழாய் இருமும். அப்புறம் காத்து வரும், அப்புறம் துருத் தண்ணி, அதுக்கு மேல்தான் நல்ல தண்ணி. எங்க தெருவில் குழாயில் வேகமே கிடையாது. அதனால் வாசலில் ரெண்டடிக் குழி தோண்டி, குழாயை அறுத்து, அந்தக் குழிக்குள் இறக்கி விட்டிருப்போம். குடம் குழிக்குள் நுழையாது. போணியை, அதான் சின்ன ஏனத்தை, உள்ளே விட்டுப் பிடித்து, நிமிர்ந்து, குடத்தில் ஊற்றணும். திரும்பக் குனியணும். ஒரு குடத்துக்கு ஆறு போணி. பத்துக் குடம், ரெண்டு சருவம், ஒரு அண்டா நிறைய எத்தனை தடவை குனியணும் என்று ஆம்பளைகள் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மழை பெய்தால் குழியில் சாக்கடைத் தண்ணி நிற்கும். அதைச் சிரட்டையால் கோரி ஊற்றிவிட்டுத்தான் நல்ல தண்ணி பிடிக்கணும்.

இத்தனைக்கும் எங்க வீட்டிலிருந்து தாமிரபரணி ஆறு கூப்பிடு தூரம். துணியெல்லாம் ஆற்றில்தான், குளியல் ஆற்றில்தான். 1992 நவம்பரில் மட்டும் அது நாங்கள் போகாமலே எங்களைப் பார்க்க வந்துவிட்டது. சாயங்காலம் படித்துறையில் தண்ணி ஏறுது என்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்து படுத்தோம். ராத்திரி தார்சாவில் செருப்பு மிதந்தது. பக்கத்து மாடி வீட்டில் முப்பது பேர் நின்றோம். மறுநாள் எங்க அத்தை முதலில் தேடியது நகையை இல்லை, தண்ணி பிடிக்கிற போணியை. அது குழிக்குள்ளேயே வண்டலில் புதைந்து கிடந்தது.

தாமிரசபை | ஜூலை 12, காலை 9.30

சிந்துபூந்துறை அக்கா எழுதியதைப் படித்ததும் குறுக்குத்துறை முருகன் கோயில் ஞாபகம் வருகிறது. ஆற்றுக்குள்ளேயே பாறையில் இருக்கிற கோயில், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் முங்கும். தண்ணீர் ஏறும்போது உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கிற மேலக் கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார். சின்ன வயதில் எனக்கு இது ரொம்ப வருத்தம். "அவரை மட்டும் ஏன் விட்டுட்டு வாராங்க?" என்று தாத்தாவிடம் கேட்டேன். "அவருக்கு நீச்சல் தெரியும்" என்றார்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் பற்றியும் யாராவது எழுதுங்கள். 1975-ல் திறந்தது என்று நினைவு. மேல் தட்டில் பஸ்ஸும் லாரியும், கீழ்த் தட்டில் சைக்கிள். நாட்டிலேயே முதல் ஈரடுக்கு மேம்பாலம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

ரெண்டாம் நம்பர் | ஜூலை 12, காலை 9.48

1973.

தாமிரசபை | ஜூலை 12, காலை 9.55

1973-தான். மன்னிக்கவும். 75 எங்கள் அக்கா கல்யாணம். அந்தப் பாலத்தைக் காட்ட மாப்பிள்ளை வீட்டாரை வேனில் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை கூட்டிப் போனோம். அதுதான் குழம்பிவிட்டது.

பாளைக்காரி | ஜூலை 12, பகல் 1.20

டவுன்காரர்களே, ஆற்றுக்கு இந்தப் பக்கமும் ஊர் இருக்கிறது. உங்களுக்கு ஒரு தேர் என்றால் எங்களுக்குத் தசரா. ஆயிரத்தம்மனில் தொடங்கி எல்லா அம்மன் சப்பரமும் ராத்திரி முழுக்கத் தெருத்தெருவாக வரும், கடைசியில் எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்காரம். நாங்கள் இருந்தது ஊசிக்கோபுரச் சர்ச்சுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி, தசராவுக்கு மேளம், ரெண்டுக்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் பார்த்தோம்.

பாளையங்கோட்டை முழுக்கப் பள்ளிக்கூடமும் காலேஜும். சாயங்காலம் நாலரை மணிக்கு யூனிபாரம் கலரை வைத்தே எந்த ரோடு என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் திருநெல்வேலி வானொலி எந்நேரமும் ஓடும், ஆனால் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்று அப்பா சத்தத்தைக் குறைத்தே வைப்பார். நாங்கள் பாட்டுக் கேட்டது பக்கத்து வீட்டு ரேடியோவில்தான்.

டவுனுக்குப் போவதென்றால் அம்மா "திருநெல்வேலிக்குப் போயிட்டு வாரேன்" என்பாள். ஏதோ வெளியூர் போகிற மாதிரி. சுலோசனா முதலியார் பாலம் தாண்டினால் வேறு ஊர். 1843-ல் ஒரு மனிதர் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி அந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்தும், எங்கள் அம்மா மட்டும் இரண்டையும் கடைசிவரை சேர்க்கவில்லை. 1994-ல் எல்லாம் ஒரே மாநகராட்சி ஆன பிறகும் கூட.

மேலப்பாளையத்தான் | ஜூலை 12, மாலை 4.44

அக்கா, மேலப்பாளையத்தையும் சேர்த்துத்தான் மாநகராட்சி ஆக்கினாங்க. எங்களை யாருமே கணக்கில் எடுக்க மாட்டீங்களே.

எங்க தெருவில் விடியக்காலை வண்டி போக முடியாது, ஏனென்றால் பாவு விரித்திருக்கும். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ரெண்டு பக்கமும் ஆள் நின்று தேய்த்துக்கொண்டே வருவாங்க. வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடணும். ஓடிப்பிடித்து விளையாடுகிற நாங்கள் அதற்கு அடியில் குனிந்து போவோம். தலை நூலில் பட்டால் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை விழும். அப்புறம் பகல் முழுக்கத் தறிச் சத்தம். அத்தா தறியில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிடுவார், அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். அம்மா வீட்டுக்குள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவாள்.

இப்போது தெரு அமைதியாக இருக்கு. தறி குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சு, அதன் மேல்தான் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் நிற்குது. நல்ல வெயில் காலத்தில் அந்த இடம் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். வீட்டுக்காரி நம்ப மாட்டேன் என்கிறாள்.

பாளையங்கால்வாய் பற்றி எழுதினால் அழுகை வரும். அதில் குதித்துத்தான் நீச்சல் படித்தேன். இப்ப அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறேன்.

ஜங்ஷன் வாசி | ஜூலை 12, இரவு 9.10

எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஒரு சந்தேகம் கேட்கட்டுமா? இதை எழுதுகிறவர்களில் இப்போது ஊரில் இருப்பது எத்தனை பேர்?

நான் இங்கேயேதான் இருக்கிறேன், 46 வருடமாக. நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து "ஐயோ, அந்தத் திண்ணையை இடிச்சுட்டாங்களே" என்று வருத்தப்பட்டுவிட்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவீர்கள். திண்ணையை இடித்தது நாங்கள்தான். ஏன் என்றால் பிள்ளைக்கு ஒரு ரூம் வேண்டும், மாத வாடகை வேண்டும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துப்போட்டு வருடக்கணக்கில் பலகை அடைத்து வைத்திருந்தபோது, மழையில் ரோட்டில் நின்று பஸ் ஏறினது நாங்கள். ரோட்டை ஒரு தடவை குழாய்க்கு, ஒரு தடவை சாக்கடைக்கு, ஒரு தடவை கேபிளுக்கு என்று தோண்டினபோது அந்தப் புழுதியைத் தின்றதும் நாங்கள்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினதே, அந்த மழை. எங்கள் கடையில் இடுப்பளவு தண்ணீர். கணக்கு நோட்டு எல்லாம் கூழ். சிந்துபூந்துறை அக்கா சொன்ன 92-ஐ நான் சிறு பையனாகப் பார்த்தேன். அப்போது மண் சுவர் கரைந்தது, தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. இப்போது சுவர் நிற்கிறது, தண்ணீரும் நிற்கிறது. போக வழி இல்லை. புது பஸ் ஸ்டாண்ட் இருக்கிற இடத்தின் பெயர் என்ன? வேய்ந்தான்குளம். பெயரிலேயே குளம் இருக்கிறது. தண்ணீருக்கு ஞாபக மறதி கிடையாது, அதற்கு விலாசம் தெரியும்.

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 12, இரவு 10.30

ஜங்ஷன் வாசி அண்ணாச்சி, நியாயம். அந்த வளவை விற்றதில் எங்கள் அப்பாவுக்கும் ஒரு பங்கு வந்தது. அதில்தான் நான் காலேஜ் முடித்தேன். அதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். வசதியாக விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்தேன். "குழாய் இருமும்" என்ற இடத்தில் சிரித்தாள். மேலப்பாளையத்தான், தறிக்குழி குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று சொல்லச் சொன்னாள்.

மல்லிகைப்பூ சரம் | ஜூலை 13, காலை 7.25

நானும் வளவில் வளர்ந்தவள்தான், வடக்கு ரத வீதிப் பக்கம். எட்டு வீடு ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆண்களாக இருப்பது தற்செயலா?

ஒரு வீட்டில் சொதி வைத்தால் எட்டு வீட்டுக்கும் கிண்ணம் போகும், உண்மை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் யார் வீட்டில் என்று வாசனையிலேயே தெரியும், உண்மை. மறுவீட்டுக்கு எல்லாப் பெண்களும் சேர்ந்து தேங்காய் துருவினதும் உண்மை. ஆனால் எந்தப் பெண் எத்தனை நாளாக மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் எட்டு வீட்டுக்கும் தெரியும். எனக்கு வந்த கடிதத்தை எனக்கு முன்னால் மூன்று பேர் படித்திருப்பார்கள். ஒரே கக்கூஸ் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. காலையில் ஆண்கள், பிள்ளைகள் எல்லாரும் போய் முடித்த பிறகுதான் பெண்கள். அதற்காகவே ராத்திரி தண்ணீர் குடிக்காமல் படுப்போம். என் அம்மாவுக்குக் கடைசியில் சிறுநீரகம்தான் கெட்டது. டாக்டர் "தண்ணி நிறையக் குடிங்க" என்றபோது அவள் சிரித்த சிரிப்பை எனக்கு மறக்க முடியவில்லை.

பெருமாள்புரத்தில் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு 1991-ல் போனோம். முதல் நாள் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை.

இருந்தாலும் ஆடிக் காற்று வீசும்போது எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வரும். குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே காற்றிலேயே தெரிந்துவிடும். எட்டு வீட்டுச் சேலையும் ஒரே கொடியில் படபடக்கும். அதில் எது யாருடையது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

கேடிசி 74 | ஜூலை 13, பகல் 12.02

சின்னத் தகவல். கே.டி.சி. நகர் என்று எல்லாரும் சொல்லுகிறோம், பிள்ளைகளுக்கு அது ஏன் என்று தெரியவில்லை. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997-ல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் பெயர் போய்விட்டது, நகரில் மட்டும் மூன்று எழுத்து மிச்சம். என் அப்பா அங்கே கண்டக்டர். விசில் ஊதி ஊதி முன் பல் ஒன்று தேய்ந்துவிட்டது என்று சொல்லுவார். பொய்யாக இருக்கலாம். டவுன் வாகையடி முக்கில் பஸ் திரும்பும்போது அவர் படியில் தொங்கிக்கொண்டு ரெண்டு தட்டுத் தட்டுவதை நான் எதிர்க் கடையில் நின்று பார்ப்பேன். என்னைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரிப் போவார், டியூட்டி.

பேட்டை ரயில் | ஜூலை 13, பகல் 12.30

நாங்கள் முடுக்கில் கிரிக்கெட் ஆடுவதை யாருமே எழுதவில்லையே? டவுன் சித்தப்பா வீட்டுக்குப் போனால் அதுதான் வேலை. மூன்றடி அகலம். நேராக அடித்தால்தான் ரன், கால் பக்கம் அடித்தால் சுவர்.

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 13, பகல் 12.41

எங்கள் முடுக்கிலும் அதே சட்டம். சுவரில் கீழே சின்னச் சின்னத் தகரக் கதவு இருக்கும். அதில் பட்டு டங்கென்று சத்தம் வந்தால் ரெண்டு ரன்.

வெயில் | ஜூலை 14, இரவு 11.58

மூன்று நாளாக வாசிக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தகரக் கதவைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

அந்த முடுக்கு எதற்கு விட்டார்கள் என்று தெரியுமா? இரண்டு வரிசை வீட்டுக்கும் பின்னால், ஒரு ஆள் மட்டும் போகிற மாதிரி? கிரிக்கெட்டுக்கு இல்லை. அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது எடுப்புக் கக்கூஸ். கதவைத் தூக்கி, தகரத்தால் வழித்து, வாளியில் போட்டு, சாம்பல் தூவி, தலையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். என் ஆச்சி செய்த வேலை அது. விடிவதற்குள் முடிக்க வேண்டும். ரத வீதி வழியாக வரக் கூடாது, முடுக்கு முடுக்காகத்தான். டவுனில் அத்தனை தெருவுக்கும் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று ஆச்சிக்குத் தெரியும். முன்பக்கம் தெரியாது. தேர் பார்க்கவும் ஒரு முடுக்கின் வாயில் நின்றுதான் பார்த்தாள் என்று அப்பா சொல்லுவார்.

உங்கள் குழாய் மூன்றேகாலுக்கு இருமும்போது ஆச்சி வேலைக்குக் கிளம்பியிருப்பாள். தாகம் என்றால் ஏதாவது ஒரு பின் வாசலில் நிற்பாள். யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள், கையைக் குவித்துக் குடிப்பாள். ஊற்றாதவர்களும் உண்டு. எடுப்புக் கக்கூஸ் கூடாது என்று சட்டம் வந்தது 1993-ல். ஆச்சி 1988-லேயே போய்விட்டாள்.

எனக்கும் ஊர் ஞாபகம் உண்டு. உங்களுடைய தெருவெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா என்னைச் சைக்கிள் முன் கம்பியில் உட்காரவைத்து ஈரடுக்குப் பாலத்துக்குக் கூட்டிப் போவார். கீழ்த் தட்டு வழியாகப் போவோம். நடுவில் நிறுத்தி, கீழே ரயில் போவதைக் காட்டுவார். நல்ல காற்று வரும். ஒரு தடவை கடலை வாங்கித் தந்தார். பக்கத்தில் நின்ற ஆள், வெள்ளை வேட்டி, அப்பா கையிலிருந்த பொட்டலத்தில் இருந்து ரெண்டு கடலை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து அதை நாலு தடவை சொன்னார்.

மேலப்பாளையத்தான் | ஜூலை 15, காலை 6.40

படித்தேன் வே. வேறு என்ன எழுத என்று தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜங்ஷன் வாசி | ஜூலை 15, காலை 8.15

அந்தப் பாலத்தில் தினமும் போகிறேன்.

தாமிரசபை | ஜூலை 15, காலை 10.00

அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் இருந்தது. நம் ஊரை மட்டும் குறை சொல்வது போல ஆகிவிடக் கூடாது என்று...

மல்லிகைப்பூ சரம் | ஜூலை 15, காலை 10.06

அண்ணாச்சி, இன்றைக்கு ஒரு நாள் வேண்டாமே.

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 15, இரவு 9.20

வெயில் எழுதியதை அம்மாவுக்கு வாசிக்கலாமா என்று பகல் முழுக்க யோசித்தேன். சாப்பிட்ட பிறகு வாசித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள்: "ஒரு ஆச்சி வருவா. குட்டையா இருப்பா. இடது கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பா. தீவாளிக்குப் பலகாரம் பின் வாசல்ல வச்சே குடுப்போம், முந்தியில வாங்கிக்கிடுவா." என்ன பெயர் என்று கேட்டேன். "பேரா?" என்றாள். யோசித்தாள். "பேரு கேக்கலையேல."

எட்டு வீட்டுச் சேலையில் எது யாருடையது என்று எங்கள் அம்மாவுக்கும் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால் காணாமல் போன கரண்டி எந்த வீட்டில் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

டங்கென்று சத்தம் வரும் என்று எழுதினேன் இல்லையா? இரண்டு ரன். அந்தக் கதவைத் தூக்கினால் உள்ளே என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். பந்து உள்ளே போய்விட்டால் எடுக்க மாட்டோம், புதுப் பந்து வாங்குவோம். தெரிந்துதான் ஆடினோம்.

அது உங்கள் ஆச்சியாக இல்லாமலும் இருக்கலாம், வெயில். கால் சாய்த்து நடப்பார்களா?

வெயில் | ஜூலை 16, காலை 5.30

இடது கால்தான்.

பெயரை இங்கே எழுத மாட்டேன். தனிச் செய்தியில் உங்கள் நம்பர் அனுப்புங்கள். அம்மா முழித்திருக்கும்போது கூப்பிட்டுச் சொல்லுகிறேன்.

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 16, காலை 5.34

அனுப்பிவிட்டேன். மூன்று மணியிலிருந்து முழித்துத்தான் இருக்கிறாள்.

புதுமாப்பிள்ளை | ஜூலை 18, இரவு 8.12

எல்லாருக்கும் வணக்கம். முழுசாகப் படிக்க நேரமில்லை. ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம். டவுனில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா? அப்படியே நல்ல அல்வா எந்தக் கடையில்?

ஜங்ஷன் வாசி | ஜூலை 18, இரவு 8.20

காரா? ஆர்ச்சுக்கு வெளியிலேயே எங்கேயாவது விட்டுவிட்டு நடந்து வாங்க வே.

தெற்குத்தெருக்காரன் | ஜூலை 18, இரவு 8.31

பைக் என்றால் எங்கள் வளவில் நிறுத்தலாம். நாலு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். வட்டமாக விரிசல் விட்ட இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம், அதற்குக் கீழே என்ன போட்டு மூடினார்கள் என்று தெரியாது.